விருத்தித் தாமதம் உள்ள சிறு பிள்ளைக்குச் சமூகப் பணி இலக்கு: எந்த வழியில் எழுதுவது?

இரண்டரை வயதுப் பையன் ஒருவன் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுவதில்லை. நான்கைந்து சொற்களுக்கு மேல் பேசுவதில்லை. பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் இதைக் கவனித்துச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்புகிறார். அங்கிருந்து சிறுவர் நல வைத்திய நிபுணரின் கிளினிக்குக்குத் துண்டு கிடைக்கிறது. திகதி வர இன்னும் பல வாரங்கள் இருக்கின்றன. நோய் நிர்ணயம் எதுவும் இல்லாத இந்த இடைவெளியில்தான் பெரும்பாலும் சமூகப் பணியாளரின் கோப்பு திறக்கப்படுகிறது. அந்தக் கோப்பில் 'இலக்கு' என்ற பகுதியில் நாம் எழுதும் இரண்டு மூன்று வசனங்கள், அடுத்த ஆறு மாதம் அந்த வீட்டில் யார் என்ன செய்யப்போகிறார்கள் என்பதைப் பெருமளவு தீர்மானித்துவிடுகின்றன.

கொழும்பில் தமிழ்க் குடும்பங்களோடு வேலை செய்பவர்களின் கோப்புகளில் இந்தப் பகுதி பொதுவாக மூன்று விதமாக நிரப்பப்படுகிறது. சிலர் வயதுக்குரிய விருத்திப் படிகளை, அதாவது எந்த வயதில் பிள்ளை நடக்கும், பேசும் என்பன போன்றவற்றை, இலக்காக எழுதுகிறார்கள். சிலர் பெறவேண்டிய சேவைகளை எழுதுகிறார்கள். சிலர் வீட்டின் நாளாந்த வாழ்க்கையில் எது மாறவேண்டும் என்று எழுதுகிறார்கள். மூன்றுக்கும் நியாயம் உண்டு. ஆனால் சமூகப் பணியாளர் ஒருவரின் கையெழுத்தோடு போகும் இலக்கின் மையம் மூன்றாவது வழியாகவே இருக்கவேண்டும் என்பதும், சேவை இலக்கு அதற்குத் துணையாக நிற்கவேண்டும் என்பதும், விருத்திப் படி இலக்காக அல்லாமல் கண்காணிப்புக் கருவியாகவே இருக்கவேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.

இவை மூன்றையும் விட்டு, வைத்தியர் நோயின் பெயரைச் சொல்லும் வரை காத்திருப்போம் என்பது நான்காவது தெரிவு. அதைப்பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கேட்டல், உணவு, உறக்கம், விளையாட்டு ஆகியவற்றில் தேவைப்படும் உதவி எந்தப் பெயரையும் எதிர்பார்த்து நிற்பதில்லை. ஓட்டிசமா, மொழித் தாமதமா, கேட்டல் குறைபாடா என்று தெரியாத நிலையிலும் தாயும் பிள்ளையும் முகம் பார்த்து விளையாடும் நேரத்தைக் கூட்டுவது எந்தப் பிள்ளைக்கும் தீங்காவதில்லை.

முதல் வழிக்கு வருவோம். பிள்ளை பிறந்ததும் தாயின் கையில் கொடுக்கப்படும் சுகாதார விருத்திப் பதிவேடு நமது நாட்டின் மதிப்புமிக்க ஆவணங்களில் ஒன்று. தடுப்பூசிக்குப் போகும்போது அதைக் கொண்டுபோகாத தாயைக் காண்பது அரிது. அதில் மாதவாரியாக விருத்திப் படிகள் இருக்கின்றன. ஆகவே "மூன்று வயதுக்குள் இரண்டு சொல் சேர்த்துப் பேசுவான்" என்று இலக்கை அங்கிருந்தே எடுத்து எழுதுவது மிக இலகு. வைத்தியருக்கும் சிகிச்சையாளருக்கும் அந்த மொழி விளங்கும். கோப்பைப் பார்க்கும் மேலதிகாரிக்கும் அது தெளிவாகத் தெரியும். பிள்ளை எங்கே நிற்கிறது என்பதை எல்லோரும் ஒரே அளவுகோலில் பார்க்க முடிவது இதன் பெரிய பலம்.

குறை என்னவென்றால், அந்த அட்டவணைகள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளின் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து வெளியிட்ட அளவுகளின்படி, உதவியின்றித் தனியே நடப்பது ஏறத்தாழ 8 மாதத்திலிருந்து 17½ மாதம் வரை எப்போது நிகழ்ந்தாலும் இயல்பே. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2022-இல் தன் படிப் பட்டியலைத் திருத்தியபோது, அந்த வயதில் நூற்றுக்கு 75 பிள்ளைகளாவது செய்யக்கூடியவற்றையே பட்டியலில் வைத்தது. இந்த அட்டவணைகளின் நோக்கம் ஒரு பிள்ளையை மேலும் பரிசோதிக்கவேண்டுமா என்று அறிவதுதான். அவற்றை அப்படியே இலக்காக்கினால், பிள்ளை அந்தத் திகதிக்குள் அதை எட்டாதபோது தாய் தன்னையோ பிள்ளையையோ நொந்துகொள்கிறார். சொல்லை வரவழைக்க வேண்டும் என்ற அவசரத்தில், "பந்து சொல்லு, பந்து சொல்லு" என்று பிள்ளையின் முகத்தருகே பந்தை ஆட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் எத்தனையோ! பிள்ளை திரும்பிக்கொள்கிறது. விளையாட்டு பரீட்சையாகிவிடுகிறது. அதைவிட முக்கியமான காரணம் இன்னொன்று உண்டு: பேச்சை வளர்ப்பது பேச்சு மற்றும் மொழிச் சிகிச்சையாளரின் தொழில், நாம் பயிற்சி பெறாத ஒன்றை நம்முடைய இலக்காக எழுதினால் அதற்குப் பொறுப்பானவர் யார் என்பது கோப்பில் தெளிவற்றுப்போகிறது.

இரண்டாவது வழி, சேவையை இலக்காக எழுதுவது. "செவிப்புலன் பரிசோதனை செய்விக்கப்படும்", "பொரளைச் சிறுவர் வைத்தியசாலைக் கிளினிக்குடன் இணைக்கப்படும்", "பிரதேச செயலகத்தில் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கப்படும்" என்ற வசனங்கள் இந்த வகை. நமது தொழிலின் பாதி இதுதான் என்பதால் இதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். பேச்சுத் தாமதமுள்ள பிள்ளைக்கு முதலில் கேட்டல் பரிசோதனை நடக்கவேண்டும் என்பதில் விவாதமே இல்லை. கதவு அடிக்கும் சத்தத்துக்குத் திரும்புகிற பிள்ளைக்கும் பேச்சொலிகள் சரியாகக் கேட்காமல் இருக்கலாம்; நடுக்காதில் நீர் தேங்கியிருந்தால் கேட்டல் ஒரு வாரம் நன்றாகவும் அடுத்த வாரம் மோசமாகவும் இருக்கலாம். "அவனுக்குக் காது நல்லாக் கேக்கும், கார்ட்டூன் பாட்டுக்கு ஓடி வாறான்" என்று வீட்டார் சொல்வதை நம்பி இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

வறுமை மிகுந்த வீடுகளில் சேவை இலக்கு இன்னும் முன்னே வரவேண்டும். முகத்துவாரத்தில் ஒரு தோட்டத்துக் குடியிருப்பில், நாட்கூலிக்குப் பொதியிடும் வேலைக்குப் போகும் தாய் ஒருவரை எண்ணிப் பாருங்கள். பிள்ளையின் பிறப்பு 42 நாட்களுக்குள் பதியப்படவில்லை. பிறகு அலையவும் நேரம் கிடைக்கவில்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் முன்பள்ளியிலும் கேள்வி, கொடுப்பனவிலும் கேள்வி. ஒவ்வொரு கிளினிக் நாளும் ஒரு நாள் சம்பளம் போகிற நாள். இந்தத் தாயிடம் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளையோடு எப்படிப் பேசவேண்டும் என்று தொடங்குவது நியாயமல்ல. காலங்கடந்த பிறப்புப் பதிவை முடித்துக் கொடுப்பதும், கிராம உத்தியோகத்தரின் கடிதத்தைப் பெற்றுக் கொடுப்பதும், இரண்டு கிளினிக்குகளை ஒரே நாளில் வைக்க முடியுமா என்று தாதியிடம் கேட்டுப் பார்ப்பதும் முதல் மாதத்து இலக்குகள்.

ஆனாலும் சேவை இலக்குக்கு ஒரு தீராத குறை இருக்கிறது. பிள்ளையின் நாளில் எதுவும் மாறாமலே அது நிறைவேறிவிடும். பரிசோதனை முடிந்தது, துண்டு கொடுத்தாயிற்று, விண்ணப்பம் போயிற்று என்று எல்லாவற்றுக்கும் எதிரே சரி அடையாளம் போட்டுவிடலாம். வீட்டில் பையன் முன்னைப்போலவே ஒரு மூலையில் போனோடு இருப்பான். சேவை என்பது ஒரு வழி. அது எதற்கான வழி என்பதைக் கோப்பில் எங்காவது எழுதியிருக்கவேண்டும். அதை எழுதும் இடம் மூன்றாவது வழிதான்.

நாளாந்த வாழ்க்கையிலிருந்து இலக்கை எடுக்கும் முறைக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காகக் குடும்பத்தையே அலகாகக் கொண்ட சேவைத் திட்டம் வந்தது. பின்னர் ரொபின் மக்வில்லியம் என்பவர், காலையில் எழுவதிலிருந்து இரவு உறங்கும் வரை ஒவ்வொரு நேரத்தையும் குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்டறியும் நேர்காணல் முறையை உருவாக்கினார். உலக சுகாதார நிறுவனம் 2001-இல் வெளியிட்ட செயற்பாட்டு வகைப்பாடும் இதே திசையைக் காட்டுகிறது: உடலின் குறையை மட்டும் பார்க்காமல், பிள்ளை வாழ்க்கையில் எங்கே பங்கெடுக்கிறது, சுற்றுச்சூழல் அதற்கு எப்படி உதவுகிறது அல்லது தடுக்கிறது என்று பார்க்கச் சொல்கிறது. சுற்றுச்சூழலை மாற்றுவதற்கே பயிற்சி பெற்றவர் சமூகப் பணியாளர். ஆகவே இந்த வழி நமது தொழிலுக்குப் பொருந்துவது தற்செயல் அல்ல.

இதை ஒரு வீட்டில் வைத்துப் பார்ப்போம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் தொடர்மாடி வீடு. தாய், அம்மம்மா, பையன். தகப்பன் கட்டாரில். இது எந்த ஒரு குடும்பத்தின் கதையுமல்ல. பல வீடுகளில் காண்பவற்றைச் சேர்த்து நான் அமைத்த உதாரணம். பையன் எப்படி இருந்தால் நல்லது என்று கேட்டால், "கதைச்சால் காணும் மிஸ், வேற ஒண்டும் வேண்டாம்" என்றுதான் தாய் சொல்வார். அந்த விடையோடு நிறுத்திக்கொண்டால் நாம் முதல் வழிக்கே திரும்பிவிடுவோம். ஒரு நாளை மணிக்கணக்கில் கேட்கத் தொடங்கினால் வேறு விஷயங்கள் வெளிவருகின்றன. காலையில் அம்மம்மாவோடு பூப்பறிக்கப் போகும்போது பையன் அமைதியாகக் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். குளிக்க வைப்பதில் பிரச்சினை இல்லை. இரவுச் சாப்பாடுதான் போராட்டம். கட்டார் நேரம் நமக்கு இரண்டரை மணி பின்தங்கியது. தகப்பன் வேலை முடிந்து ஆறு மணிக்கு அழைத்தால் இங்கே இரவு எட்டரை. சரியாகப் பையன் சாப்பிடும் நேரம். தகப்பனின் முகம் பார்த்து இரண்டு நிமிடம் கழிந்ததும் போன் பையனின் கையில் இருக்கிறது, கார்ட்டூன் ஓடுகிறது, தாய் பின்னாலிருந்து வாயில் சோற்றை ஊட்டுகிறார். சாப்பாட்டின்போது ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை.

இங்கே இலக்கு தானாகவே உருவாகிறது: "மூன்று மாதத்தில், பெரும்பாலான நாட்களில் இரவுச் சாப்பாட்டின்போது, போன் இல்லாமல் அம்மம்மாவின் எதிரே இருந்து சாப்பிட்டு, இன்னும் வேண்டுமானால் கையை நீட்டியோ சுட்டியோ சொல்லியோ கேட்பான்." இந்த வசனத்தில் கண் பார்ப்பதும், கேட்பதும், காத்திருப்பதும், சொல்லும் உள்ளன, ஆனால் பேசியே ஆகவேண்டும் என்ற நெருக்குதல் இல்லை. அதற்குக் கீழே பெரியவர்கள் செய்யவேண்டியவை வருகின்றன: தகப்பனின் அழைப்பு சாப்பாட்டுக்குப் பின் ஒன்பது மணிக்கு மாறும், தாய் கோப்பையில் சிறிதளவே போட்டுவிட்டு, பையன் ஏதாவது சைகை காட்டும் வரை மெதுவாகக் காத்திருப்பார், சமூகப் பணியாளர் தகப்பனோடு பேசி இதன் காரணத்தை விளக்குவார். பிள்ளை மாறுவதற்கு முன் யார் யார் மாறவேண்டும் என்பது கோப்பிலேயே இருக்கிறது. முதல் வழியில் சுமை முழுவதும் பிள்ளையின் தலையில். இங்கே அது பங்கிடப்படுகிறது.

இந்த வழியின் குறையையும் மறைக்கக்கூடாது. இதற்கு நேரம் வேண்டும். நல்ல நேர்காணல் ஒன்றுக்கு ஒன்றரை இரண்டு மணித்தியாலம் பிடிக்கும். கையில் பெருந்தொகைக் கோப்புகள் உள்ள உத்தியோகத்தருக்கு அது இலகுவல்ல. இன்னொன்று, முன்னேற்றத்தை அளப்பது. "நன்றாகச் சாப்பிடுகிறான்" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் விளங்காது. அளக்கக்கூடியதாக எழுதவேண்டும் என்று பயிற்சிப் பட்டறைகளில் சொல்லித் தரப்படும் ஐந்து நிபந்தனைச் சூத்திரம் (SMART எனப்படுவது) 1981-இல் நிறுவன முகாமைக்காக எழுதப்பட்டது. அதை அப்படியே பிள்ளைக்குப் பொருத்தினால், எண்ண இலகுவானதே இலக்காகிவிடுகிறது. சொற்களை எண்ணுவது இலகு, ஆகவே சொற்களை எழுதுகிறோம்.

இதற்கு என் பரிந்துரை, கிரெசுக், ஷேர்மன் ஆகியோர் 1968-இல் சமூக மனநல சேவைக்காக வகுத்த ஐந்து படி அளவு. எதிர்பார்க்கும் நிலைக்குப் பூச்சியம். அதற்கு மேலே இரண்டு படி, கீழே இரண்டு படி. வெள்ளவத்தைப் பையனுக்கு இப்படி எழுதலாம். கழித்தல் இரண்டு என்பது இன்றைய நிலை: போன் இல்லாமல் ஒரு வாய்கூட வாங்குவதில்லை. கழித்தல் ஒன்று: வாரத்தில் இரண்டு மூன்று இரவு, முதல் சில வாய் போன் இல்லாமல் சாப்பிடுகிறான். பூச்சியம்: மேலே எழுதிய இலக்கு. கூட்டல் ஒன்று: மதியச் சாப்பாட்டிலும் அப்படியே. கூட்டல் இரண்டு: உறவினர் வீட்டுக்குப் போனாலும் அங்குள்ளவர்களோடு இருந்து சாப்பிட்டுக் கேட்டு வாங்குகிறான். ஐந்தையும் தாயோடு சேர்ந்து எழுதவேண்டும். அப்போதுதான் மூன்று மாதத்தின் பின் கழித்தல் ஒன்றில் நின்றாலும் அது தோல்வியாகத் தோன்றாது. இருந்த இடத்திலிருந்து ஒரு படி ஏறியிருப்பதைத் தாயே பார்ப்பார். சமூகப் பணியாளருக்கும் இது நல்ல கட்டுப்பாடு: எது முன்னேற்றம் என்பதை முன்கூட்டியே எழுதிவிட்டதால், பிறகு வசதிக்கேற்ப அர்த்தம் சொல்ல இயலாது.

மொழி பற்றிய தெரிவு கொழும்புத் தமிழ் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல், ஆகவே அதைத் தனியாகச் சொல்லவேண்டும். வீட்டில் தமிழ், தெருவில் சிங்களம், சேர்க்க நினைக்கும் முன்பள்ளியில் ஆங்கிலம். பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்றதும், "மூன்று பாஷையும் குழப்புது, இங்கிலீஷ் மட்டும் கதையுங்கோ" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். ஆங்கிலம் சரளமாக வராத அம்மம்மா அன்றிலிருந்து பேரனோடு பேசுவதையே குறைத்துக்கொள்கிறார்! இரண்டு மொழிச் சூழல் பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை என்பது ஆய்வுகளில் உறுதியான முடிவு. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும் அது பொருந்துகிறது. ஆகவே "பத்து ஆங்கிலச் சொல்" என்ற இலக்கையும் "எந்த மொழியிலாவது, எந்தச் சைகையாலாவது தன் தேவையைத் தெரிவிப்பான்" என்ற இலக்கையும் ஒப்பிட்டால், தேர்வில் எனக்குத் தயக்கமே இல்லை. சொற்களை எண்ணவேண்டி வந்தாலும், 'தண்ணி'யும் 'பால்'உம், சிங்களத்தில் வேண்டாம் என்று பொருள்படும் 'எபா'வும், 'கார்'உம் சேர்ந்தே எண்ணப்படவேண்டும்.

யாருடைய விருப்பம் இலக்காகவேண்டும் என்பதிலும் தெரிவு இருக்கிறது. தகப்பன் முதலாம் தரப் பாடசாலை அனுமதியைப் பற்றிப் பேசுகிறார். அதற்கு இன்னும் இரண்டரை ஆண்டு இருக்கிறது. அம்மம்மா கோயிலில் பிள்ளை கத்துவதால் வரும் பார்வைகளைப் பற்றிப் பேசுகிறார். தாய் ஒரு முழு இரவு தூங்க விரும்புகிறார். எல்லோரையும் திருப்திப்படுத்த ஏழெட்டு இலக்கு எழுதினால் ஒன்றுமே நடக்காது. பிள்ளையோடு அதிக நேரம் செலவிடுபவரின் விருப்பத்தை முதலில் வைப்பதே சரி என்று நினைக்கிறேன். அவர் தளர்ந்தால் மற்றெல்லாம் தளரும். தாயின் உறக்கம் பிள்ளையின் இலக்கல்ல என்று சிலர் வாதிடுவார்கள்; நான் அதைத் தயங்காமல் இலக்காக எழுதுவேன்.

இங்கே பேசப்படும் ஒப்பீடு எதற்கும் உட்படாத ஒரு நிலை உண்டு. பிள்ளையை அறையில் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறார்கள், அடிக்கிறார்கள், பட்டினி போடுகிறார்கள் என்று தெரியவந்தால் அது இலக்கு நிர்ணயிக்கும் விடயமல்ல. அங்கே பாதுகாப்பு நடவடிக்கைதான் முதலில். பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், நன்னடத்தை உத்தியோகத்தர், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் ஆகியவற்றின் வழியே உடனடியாகச் செல்லவேண்டும்.

மற்ற எல்லா வீடுகளிலும், முதல் மூன்று மாதத்துக்கு நாளாந்த வாழ்க்கையிலிருந்து இரண்டு இலக்கும், திகதியும் பொறுப்பாளரின் பதவியும் குறித்த ஒரு சேவை இலக்கும் போதுமானவை. முகத்துவாரத்து வீட்டில் இந்த விகிதம் தலைகீழாகும். விருத்திப் படிகளை ஒவ்வொரு மீளாய்வின்போதும் பதிவேட்டில் பார்த்து, பின்னடைவு தெரிந்தால், குறிப்பாக இருந்த சொற்கள் இல்லாமற்போனால், கிளினிக் திகதியை முன்னகர்த்தக் கேட்கவேண்டும். மூன்று மாதத்தில் இலக்கு கழித்தல் இரண்டிலேயே நின்றால், பிள்ளையைப் பற்றி எதையும் முடிவு செய்வதற்கு முன், பெரியவர்கள் செய்வதாக எழுதியவை நடந்தனவா என்று பார்க்கவேண்டும். தகப்பனின் அழைப்பு இன்னும் எட்டரைக்கே வருகிறதென்றால், மாற்றவேண்டியது அதைத்தான்.

கடைசியாக, பிரதி. கொழும்பில் பல கோப்புகள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்படுகின்றன. தாய் கையெழுத்திடும் தாளில் என்ன இருக்கிறதென்று அவருக்கே தெரியாத நிலை வருகிறது. 1987-இன் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பின் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. இலக்குகளையும் ஐந்து படி அளவையும் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டுக்குள் வைத்துக் கொடுக்கும்படி எந்தத் தாயும் கேட்கலாம். கேட்காவிட்டாலும் நாம் கொடுக்கவேண்டும். கிளினிக்கில் அடுத்து யார் அந்தப் பதிவேட்டைத் திறந்தாலும் அந்தத் தாள் அவர்கள் கண்ணிலும் படும்.